செல்போனுக்குள் ஹார்டு டிஸ்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேட்ஜெட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது: “கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி சுழலும் ஹார்டு டிஸ்க்கைச் சின்னதாக்கி போனுக்குள் வைத்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?” செய்தார்கள். கடையில் விற்கவும் செய்தார்கள். அந்தக் கதையையும், அதையொட்டி வரும் மற்ற சந்தேகங்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நிஜமாகவே அப்படி ஒரு போன் வந்ததா?

வந்தது, ஒன்றல்ல, பல. 2004 செப்டம்பரில் சாம்சங் தென்கொரியாவில் எஸ்பிஎச்-வி5400 என்ற மடக்கு போனை வெளியிட்டது. அதற்குள் 1.5 ஜிபி ஹார்டு டிஸ்க். ஹார்டு டிஸ்க் வைத்த முதல் செல்போன் அதுதான். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் 3 ஜிபியோடு எஸ்ஜிஎச்-ஐ300, 2006-இல் 8 ஜிபியோடு ஐ310 என்று தொடர்ந்தது. ஜப்பானில் 2006 தொடக்கத்தில் தோஷிபா செய்த டபிள்யூ41டி என்ற போன் 4 ஜிபி டிஸ்க்கோடு வந்தது.

ஆனால் இந்த வகையில் பெரும்பாலானோருக்கு நினைவிருப்பது நோக்கியா என்91. 2005 ஏப்ரலில் அறிவித்தார்கள், கைக்கு வர 2006 ஆகிவிட்டது. 4 ஜிபி டிஸ்க், எஃகு உடம்பு, கீழே நகர்த்தினால் எண் விசைகளைக் காட்டும் மூடி, சாதாரண 3.5 மிமீ ஹெட்போன் துளை. எடை 164 கிராம், தடிமன் 22 மிமீ. சட்டைப் பையில் போட்டால் பை ஒரு பக்கமாகத் தொங்கும். பின்னால் 8 ஜிபி கறுப்பு மாடலும் வந்தது. இவ்வளவு செய்தும் மெமரி கார்டு போட அதில் இடமில்லை. இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அந்த டிஸ்க் எவ்வளவு சின்னது?

இந்த வகைக்கு வழிகாட்டி ஐபிஎம்மின் மைக்ரோடிரைவ், கேமராவில் மெமரி கார்டு மாதிரிச் செருகும் டிஸ்க். 1998-இல் அறிவித்து, 1999-இல் விற்பனைக்கு வந்தது. தட்டின் விட்டம் ஏறக்குறைய ஒரு அங்குலம். முழுப் பெட்டியும் 42.8 × 36.4 மிமீ, தடிமன் 5 மிமீ, எடை 16 கிராம். அதாவது ஒரு தீப்பெட்டியைவிடச் சின்னது, மெல்லியது. முதலில் வந்த மாடல்கள் 170 எம்பியும் 340 எம்பியும்தான். 2000-இல் 1 ஜிபி ஆனது. பிறகு ஐபிஎம்மின் ஹார்டு டிஸ்க் தொழிலை ஹிட்டாச்சி வாங்கிக்கொண்டது. 4 ஜிபி, 6 ஜிபி எல்லாம் அந்தப் பெயரில்தான் வந்தன.

அதையும்விடச் சின்னது தோஷிபாவின் 0.85 அங்குல டிஸ்க். 2004 ஜனவரியில் அறிவித்தார்கள். உலகின் மிகச் சிறிய ஹார்டு டிஸ்க் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. நீளம் 32 மிமீ, அகலம் 24 மிமீ, எடை பத்து கிராமுக்கும் கீழ். பெரிய தபால்தலை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மோட்டார், பளபளக்கும் தட்டு, முள் மாதிரி ஒரு கை, அதன் நுனியில் தட்டைப் படித்து எழுதும் ஹெட் என்று எல்லாமே முழுசாக இருந்தன. நிமிடத்துக்கு 3,600 சுற்று.

என்னிடம் 340 எம்பி மைக்ரோடிரைவ் ஒன்று இன்னும் இருக்கிறது. ராத்திரி சத்தமில்லாத நேரத்தில் கார்டு ரீடரில் செருகிக் காதருகே வைத்தால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு “ஙொய்ய்”, நடுவில் “டிக்” என்று ஒரு சின்ன ஒலி. அவ்வளவுதான்.

அப்போது அதற்கு என்ன தேவை வந்தது?

பாட்டுதான். 2001-இல் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி டிஸ்க், அது 1.8 அங்குலம், தோஷிபா செய்தது. 2004 ஜனவரியில் ஹிட்டாச்சியின் ஒரு அங்குல 4 ஜிபி டிஸ்க்கை வைத்து ஐபாட் மினி வந்தது, சக்கைப்போடு போட்டது. அதே காலத்தில் போனோடு தரும் மெமரி கார்டு பெரும்பாலும் 32 எம்பி, 64 எம்பி. ஒரு பாட்டு நாலைந்து எம்பி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு படத்தின் பாட்டுகளை ஏற்றினால் கார்டு நிறைந்துவிடும். பாக்கெட்டில் ஏற்கெனவே ஒரு ஐபாடும் ஒரு போனும் இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக்கலாமே என்று போன் தயாரிப்பாளர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

4 ஜிபி அன்றைக்கு எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பதற்கு ஒரு கூத்து சொல்கிறேன். 2004-இல் 4 ஜிபி மைக்ரோடிரைவைத் தனியாக வாங்கினால் ஏறக்குறைய 500 டாலர். அதே டிஸ்க்கை உள்ளே வைத்து கிரியேட்டிவ் நிறுவனம் விற்ற மூவோ2 என்ற பாட்டுப்பெட்டியின் விலை 200 டாலர்தான். கேமராக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாட்டுப்பெட்டியை வாங்கி, பிரித்து, டிஸ்க்கை உருவிக் கேமராவில் போட்டுக்கொண்டார்கள். தேங்காயை வாங்கி உடைத்து, பருப்பை எடுத்துக்கொண்டு ஓட்டை வீசிய கதை.

போன் கீழே விழுந்தால் என்ன ஆகும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வியும்கூட. ஹெட் தட்டைத் தொடாமல், ஒரு முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் காற்றில் மிதக்கிறது. அது தட்டில் இடித்தால் அந்த இடம் கீறல்.

நெஞ்சுக்கு நேரே, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போன் நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு சுமார் 4.85 மீட்டர். சிமெண்ட் தரையில் ஒரு மில்லிநொடியில் அது நின்றுவிட்டால், புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 500 மடங்கு அதிர்ச்சி. ஹிட்டாச்சியின் மைக்ரோடிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது தாங்குவது 200 மடங்கு. நிறுத்தி வைத்திருக்கும்போது 2,000 மடங்கு. ஆக, டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்தால் பிழைத்துக்கொள்ளும், பாட்டைப் படித்துக்கொண்டிருந்தால் ஆபத்து.

இதற்கு ஒரு கெட்டிக்கார வழி இருந்தது. 1.2 மீட்டர் விழ அரை நொடி ஆகும். விழும்போது எடையில்லா நிலை வருவதை ஒரு உணரி கண்டுபிடித்து, தரையைத் தொடும் முன்பே ஹெட்டைத் தட்டுக்கு வெளியே உள்ள சாய்மேடையில் ஏற்றிவிடும். அரை நொடி அதற்குத் தாராளம். ஆனால் மேசையில் “டப்” என்று போனை வைப்பது, பஸ்ஸில் இடிபடுவது, கையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் நழுவுவது: இதிலெல்லாம் உணரிக்கு அவகாசமே கிடையாது.

இந்த வகை டிஸ்க் வைத்த பாட்டுப்பெட்டி ஒன்றை நானே கொன்றிருக்கிறேன். உயரத்திலிருந்து விழவில்லை, பைக் டேங்கின் மேல் பையில் கிடந்து குண்டும் குழியுமான ரோட்டில் பாடிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் “டிக்… டிக்… டிக்…”. ஹெட் தன் தடத்தைத் தேடித் தேடித் தோற்கும் ஒலி அது. ஒருமுறை கேட்டால் மறக்காது.

பேட்டரியைக் குடித்துவிடாதா?

இடைவிடாமல் ஓடினால் குடித்துவிடும். இந்த டிஸ்க்குகள் படிக்கும்போதும் எழுதும்போதும் ஏறக்குறைய ஒரு வாட் எடுத்தன. என்91-இல் இருந்தது பிஎல்-5சி பேட்டரி. ஆமாம், நோக்கியா 1100-இல் இருந்த, இன்றும் சின்ன எஃப்எம் ரேடியோக்களில் போடுகிற அதே வகைதான். என்91-க்கு வந்தது 970 மில்லிஆம்பியர்-மணி, 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 3.6 வாட்-மணி. டிஸ்க் மட்டுமே விடாமல் ஓடினால் மூன்றரை மணி நேரத்தில் காலி. பேசுவதற்கு மிச்சம் இருக்காது.

ஆனால் பாட்டுக்கு அப்படி ஓட வேண்டியதில்லை. சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1 எம்பி. முதல் ஐபாடிலேயே 32 எம்பி தற்காலிக நினைவகம் இருந்தது. டிஸ்க் சில நொடிகள் சுழன்று அடுத்த இருபது நிமிடத்துக்கு வேண்டியதை அதில் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். அண்டாவில் ஒரே தடவையாக நீர் பிடித்து வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்துகிற மாதிரி. பாட்டு வரிசையாக ஓடும் வரை இது அருமையான ஏற்பாடு.

பாட்டைத் தாண்டிப் போனால்தான் வம்பு. ஒரு போன் நாள் முழுக்கச் செய்வது துண்டு துண்டான வேலை: ஒரு எஸ்எம்எஸ், ஒரு போட்டோ, முகவரிப் புத்தகத்தில் ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் மோட்டாரைக் கிளப்பி நிறுத்தினால் பேட்டரியும் போகும், நேரமும் போகும்.

வேகம் எப்படி?

மந்தம். 3,600 சுற்றில் ஓடும் தட்டு அரைச் சுற்று வரவே 8.3 மில்லிநொடி, ஹெட் நகர்ந்து இடத்துக்குப் போக இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஒரு துணுக்கு எடுக்க ஏறக்குறைய 20 மில்லிநொடி. மெமரி கார்டில் இருக்கும், சுழலும் பாகமே இல்லாத ஃபிளாஷ் சிப்பில் அதே வேலை ஒரு மில்லிநொடிக்கும் வெகு கீழே முடிந்துவிடும். தூங்கும் டிஸ்க்கை எழுப்புகிற நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

மலை மேல் வேலை செய்யாது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. ஹெட்டைத் தாங்கிப் பிடிப்பது காற்று. காற்று மெலிந்தால் ஹெட் தாழ்ந்துவிடும். ஹார்டு டிஸ்க் வைத்த ஐபாடுகளுக்கு ஆப்பிள் கொடுத்த உச்ச வரம்பு 3,000 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்தான், தாராளமாகக் கேட்கலாம். லே 3,500, அங்கே பாட்டை நிறுத்திவிட்டு மலையைப் பார்ப்பது நல்லது.

இத்தனை குறையையும் சமாளித்தார்கள் என்றால் அப்புறம் ஏன் தோற்றது?

விழுந்தால் உடையும், பேட்டரி போகும் என்பதெல்லாம் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் அரை ஒப்புதல்தான். அவற்றைப் பொறியாளர்கள் கிட்டத்தட்டச் சமாளித்துவிட்டார்கள். தீர்க்கவே முடியாத சிக்கல் வேறு: ஹார்டு டிஸ்க்கைப் பாதியாக வெட்டி விற்க முடியாது.

யோசித்துப் பாருங்கள். 4 ஜிபி டிஸ்க்கில் ஒரு மோட்டார், ஒரு தட்டு, ஒரு கை, ஹெட், சர்க்யூட். 1 ஜிபி டிஸ்க் போதும் என்றாலும் அதே மோட்டார், அதே தட்டு, அதே கை. கொள்ளளவு கால்வாசி ஆகலாம், செலவு கால்வாசி ஆகாது. விலைக்கு ஒரு தரை உண்டு, அதற்குக் கீழே இறங்கவே முடியாது. ஃபிளாஷ் சிப் அரிசி மாதிரி. கால் படி வேண்டுமா, கால் படிக்கு மட்டும் காசு. மலிவு போனுக்கு 64 எம்பி, நடுத்தரத்துக்கு 256, மேல்தட்டுக்கு 1 ஜிபி என்று ஒரே மாதிரி போர்டில் மாற்றி மாற்றி வைக்கலாம். வாங்குகிறவரும் இன்று சின்னக் கார்டோடு தொடங்கி, காசு வரும்போது பெரிய கார்டு போட்டுக்கொள்ளலாம். என்91 வைத்திருந்தவருக்கு அந்த வழியே இல்லை.

2005 செப்டம்பரில் ஐபாட் மினியை ஆப்பிள் நிறுத்தியதைக் கவனித்தால் இன்னொன்றும் புரியும். அப்போது 4 ஜிபி மினி 199 டாலர். அதன் இடத்தில் வந்த ஃபிளாஷ் ஐபாட் நானோ அதே 199 டாலருக்குத் தந்தது 2 ஜிபி மட்டுமே. 4 ஜிபி வேண்டுமென்றால் 249. அதாவது ஜிபி கணக்கில் ஃபிளாஷ் அன்றைக்கும் விலை கூடத்தான். இருந்தும் ஜனங்கள் நானோவைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். மினி நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். நானோ 42 கிராம், தடிமன் 6.9 மிமீ. ஆயிரம் பாட்டு யாருக்கு வேண்டும், ஐந்நூறு பாட்டு போதும், மெல்லிசாக இருந்தால் சரி என்று முடிவாகிவிட்டது. எவ்வளவு இடம் தருகிறோம் என்பதில் ஹார்டு டிஸ்க் ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஆனால் போட்டி அங்கே நடக்கவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் சாம்சங், தோஷிபா, ஹைனிக்ஸ், மைக்ரான், இன்டெல் ஆகிய ஐந்து நிறுவனங்களோடு 2010 வரைக்கும் ஃபிளாஷ் வாங்க ஒப்பந்தம் போட்டு, முன்பணமாக 125 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. ஃபிளாஷ் தொழிற்சாலைகளுக்கு அதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? 2007-இல் வந்த முதல் ஐபோனில் 4 அல்லது 8 ஜிபி ஃபிளாஷ், தடிமன் 11.6 மிமீ. என்91-இன் பாதி. அதோடு ஆட்டம் முடிந்தது.

இதில் தோஷிபாவின் நிலைமைதான் வேடிக்கை. உலகின் மிகச் சிறிய ஹார்டு டிஸ்க்கைச் செய்ததும் தோஷிபா. அதைக் கொன்ற நாண்ட் என்ற வகை ஃபிளாஷை 1987-இல் உலகுக்குக் காட்டிய புஜியோ மசுவோகா வேலை பார்த்ததும் தோஷிபா.

இதற்கு முன் யாரும் முயன்றதில்லையா?

எச்பி முயன்றது. 1992-இல் கிட்டிஹாக் என்று 1.3 அங்குல டிஸ்க், 20 எம்பி. விழுவதை உணரும் உணரி அதிலேயே இருந்தது. மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று விற்றார்கள். கையடக்கக் கணினிகளை நம்பி இறங்கினார்கள், அந்தக் கணினிகள் விற்கவில்லை. வீடியோ கேம் தயாரிப்பாளர்கள் 50 டாலருக்குக் கொடுத்தால் வாங்குகிறோம் என்றார்கள். இதன் விலை 250. 1994-இல் கடையைச் சாத்தினார்கள். மேலே சொன்ன தரை விலைச் சிக்கல், பத்து வருடம் முன்கூட்டியே.

இன்றைய தொழில்நுட்பத்தில் செய்தால்? மறுபடி வருமா?

வராது. அதற்கு ஹிட்டாச்சி சொன்ன எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 2005-இல் அவர்கள் செங்குத்துப் பதிவு முறையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 230 ஜிகாபிட் அடர்த்தியைக் காட்டி, அதை வைத்து 20 ஜிபி மைக்ரோடிரைவ் செய்யலாம் என்றார்கள். இன்றைய ஹார்டு டிஸ்க்குகளில் அடர்த்தி தோராயமாக ஒரு டெராபிட் (ஆயிரம் ஜிகாபிட்), அதாவது நாலு மடங்குக்குச் சற்று மேல். அப்படியானால் ஒரு அங்குல டிஸ்க்கில் 90 ஜிபிகூட வராது. வெப்ப உதவியோடு எழுதும் புதுமுறையில் அடர்த்தி இரட்டிப்பானாலும் 180-ஐத் தாண்டாது. 15 × 11 மிமீ, ஒரு மிமீ தடிமன் உள்ள மைக்ரோஎஸ்டி கார்டு 1 டிபியில் 2019-லேயே கடைக்கு வந்துவிட்டது.

சின்னதாக்குவதே ஹார்டு டிஸ்க்குக்கு எதிரி. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்கில் இருக்கும் ஒரு தட்டோடு ஒப்பிட்டால் 0.85 அங்குலத் தட்டில் எழுத இடம் இருபதில் ஒரு பங்குதான். அதனால்தான் ஹார்டு டிஸ்க்குகள் இன்று பெரிய உருவத்திலேயே டேட்டா சென்டர்களில் நிம்மதியாக இருக்கின்றன.

பழைய மைக்ரோடிரைவ், ஐபாட் மினி வீட்டில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

உள்ளே போட்டோ, பாட்டு ஏதாவது இருந்தால் முதலில் அதை நகலெடுங்கள். மேசையில் அசையாமல் வைத்து, ஒரே மூச்சில். மைக்ரோடிரைவ் 5 மிமீ தடிமன், பழைய கேமராக்களில் போடும் 3.3 மிமீ காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டுக்கு மட்டும் இடம் விட்ட ரீடரில் நுழையாது, அழுத்தித் திணிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஊசிகள் வளைந்துவிடும். 5 மிமீ தடிமனும் நுழையும் இரண்டாம் வகை (டைப் 2) துளை உள்ள ரீடராகத் தேடுங்கள்.

ஐபாட் மினியின் டிஸ்க் செத்திருந்தால் அதே இடத்தில் ஒரு காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டைப் போட்டு உயிர் கொடுக்கலாம், பலர் செய்கிறார்கள். சத்தமும் போய்விடும், பேட்டரியும் கூட நேரம் நிற்கும். கழற்றிய டிஸ்க்கைக் குப்பையில் போடாமல் திருகுகளைக் கழற்றித் திறந்து பாருங்கள். தட்டு கண்ணாடியால் ஆனது, ஆகவே வளைக்கப் பார்க்க வேண்டாம்.

சரி, வெளியில் வைக்கும் ஹார்டு டிஸ்க்கைப் போனோடு இணைக்கலாமா?

ஓடிஜி (யுஎஸ்பி கருவிகளைப் போனிலேயே செருகும்) வசதி உள்ள ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் இணைக்கலாம். இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று மின்சாரம்: 2.5 அங்குல டிஸ்க் கிளம்பும்போது இழுப்பதைச் சில போன்களால் கொடுக்க முடியாது. டிஸ்க் சுழலத் தொடங்கி நின்று, மறுபடி தொடங்கி நின்று என்று திணறினால் உடனே கழற்றிவிட்டு, தனியாக மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப் வழியாக இணையுங்கள். இன்னொன்று டிஸ்க் எந்த முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்பது. விண்டோஸில் வழக்கமாக வரும் என்டிஎஃப்எஸ்ஸைப் பல போன்கள் படிக்காது. எக்ஸ்ஃபேட்டைப் பெரும்பாலானவை படிக்கும். மாற்றுவதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள், ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும்.